பதூதாவின் மரணம்: ஓர் அரசியல் அங்கத நாடகத்தில் துணைப்பாத்திரத்தின் பணி

1

அரசியல் அங்கத நாடகங்களை ஆராய்வோர் பெரும்பாலும் அவற்றின் தலைமைப் பாத்திரத்தையே மையமாகக் கொள்வர். எள்ளப்படுபவர் யார், அவர் எந்தத் தலைவரின் சாயலைக் கொண்டவர், எந்தக் கட்சி அந்நாடகத்தால் சினங்கொண்டது என்பனவே வழமையாக எழுப்பப்படும் வினாக்கள். இவை பயனற்றவை அல்ல. ஆயினும் இவை மட்டும் போதா. அதிகாரத்தில் இருப்பவனைப் பார்த்துச் சிரிப்பது எல்லா வர்க்கங்களுக்கும் இயலும். நிலவுடைமையாளன் புதுப்பணக்கார வணிகனைப் பார்த்துச் சிரிக்கிறான். வணிகன் அரசாங்க உத்தியோகத்தனைப் பார்த்துச் சிரிக்கிறான். வயலில் கூலிக்கு உழைப்பவன் இம்மூவரையும் பார்த்துச் சிரிக்கிறான். சிரிப்பின் இலக்கு ஒன்றாக இருக்கும்போதும் சிரிப்பவர் நிற்கும் இடம் வேறுபடுகின்றது. ஒரு நாடகத்தின் அரசியலை நிர்ணயிப்பது அந்த இடமே.

இந்த இடத்தைத் தலைமைப் பாத்திரத்தைவிட அதன் அருகே நிற்கும் துணைப்பாத்திரமே பல வேளைகளில் தெளிவாகக் காட்டுகிறது. அரசனுக்குப் பக்கத்தில் நிற்பவன், அவனைப் பார்வையாளருக்கு விளக்குபவன், அவன் பொய் சொல்லும்போது முகம் சுழிப்பவன் யாருடைய மொழியில் பேசுகிறான், எந்த வர்க்கத்திலிருந்து வருகிறான், இறுதியில் அவனுக்கு என்ன நேர்கிறது என்பவற்றை நோக்கினால் நாடகாசிரியரின் கருத்துநிலை வெளிப்பட்டுவிடும்.

இக்கூற்றைச் சோ ராமசாமியின் ‘முகமது பின் துக்ளக்’ நாடகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1968இல் சென்னையில் மேடையேறி, 1971இல் அவராலேயே திரைப்படமாக்கப்பட்ட இந்நாடகம் தமிழில் மிகப் பரவலாக அறியப்பட்ட அரசியல் நகைச்சுவை நாடகம் எனலாம். அதில் சுல்தானுக்கு அருகே நிற்கும் துணைப்பாத்திரம் பதூதா. இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றில் ஈடுபாடுடைய எவருக்கும் இப்பெயர் அந்நியமானதன்று. உண்மையான இப்னு பதூதா 1344இல் எமது நாட்டுக்கு வந்து சென்றவர்.

2

நாடகம் தோன்றிய காலச்சூழலை முதலில் நோக்குவது பொருந்தும். 1967ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் இந்திய அரசியலில் ஒரு திருப்புமுனை. சுதந்திரத்தின் பின் அசைக்கமுடியாதிருந்த காங்கிரஸ் பல மாநிலங்களில் ஆட்சியை இழந்தது. தமிழகத்தில் அண்ணாதுரை தலைமையில் திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சிக்கு வந்தது. வட மாநிலங்களில் உறுதியற்ற கூட்டணி ஆட்சிகள் அமைந்தன. சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சிவிட்டுக் கட்சி தாவுவது அன்றாட நிகழ்ச்சியாயிற்று. ஹரியானாவில் கயா லால் என்பார் குறுகிய காலத்துக்குள் மீண்டும் மீண்டும் கட்சி மாறியதிலிருந்து ‘ஆயா ராம், கயா ராம்’ என்ற தொடரே வழக்குக்கு வந்தது. மத்தியில் மொரார்ஜி தேசாய் துணைப் பிரதமரானார். மொழிப் பிரச்சினையில் 1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் புண் இன்னும் ஆறாதிருந்தது.

இவை அனைத்தும் சோவின் நாடகத்தில் மிகைப்படுத்தப்பட்ட வடிவில் இடம்பெறுகின்றன. பதினான்காம் நூற்றாண்டு டில்லிச் சுல்தான் துக்ளக்கும் அவன் அவையில் இருந்த பயணி பதூதாவும் ஆறு நூற்றாண்டுகளின் பின் கல்லறையிலிருந்து உயிருடன் மீண்டதாக நாடு நம்புகிறது. துக்ளக் தேர்தலில் போட்டியிட்டு வென்று பிரதமராகிறான். கட்சி தாவித் தன்னிடம் வருவோர் அனைவருக்கும் துணைப் பிரதமர் பதவி வழங்குகிறான். இந்தியா, ஆங்கிலமா என்ற பிணக்குக்குப் பாரசீகத்தை ஆட்சிமொழியாக்கித் தீர்வு காண்கிறான். உண்மையில் இவ்விருவரும் மகாதேவன், ராகவன் என்னும் இக்கால இளைஞர்கள். அரசியல்வாதிகளின் மோசடியையும் மக்களின் ஏமாளித்தனத்தையும் அம்பலப்படுத்துவதற்காக ஒரு வரலாற்றறிஞரின் துணையுடன் போடப்பட்ட வேடம் அது. வேண்டிய அளவு காட்டியாயிற்று, இனி உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்பது ராகவனின், அதாவது பதூதாவின் நிலைப்பாடு. அதிகாரத்தின் சுவை கண்ட மகாதேவனோ மறுக்கிறான். உண்மையைச் சொல்ல முற்பட்ட பதூதாவைத் துரோகி எனத் தன் பேச்சுத் திறனால் மக்களை நம்பவைக்கிறான். திரண்டிருந்த கூட்டம் பதூதாவை அடித்துக் கொல்கிறது. துக்ளக் பிரதமராகத் தொடர்கிறான்.

நகைச்சுவை நாடகம் ஒன்று கொலையில் முடிவது தமிழ் மேடையில் அரிது. சிரித்துக்கொண்டிருந்த பார்வையாளரைத் திடுக்கிடச்செய்யும் இம்முடிவே நாடகத்தின் வலிமை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கொலையாளி யார் என்ற வினாவே எமது ஆய்வின் மையம்.

3

பதூதா என்ற பெயரைச் சோ தெரிந்தெடுத்தமை வரலாற்றடிப்படை கொண்டது. இப்னு பதூதா 1304இல் மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில் பிறந்தவர். 1333இல் சிந்து நதியை அடைந்து, பின்னர் டில்லி சென்று, ஏறத்தாழ எட்டாண்டுகள் சுல்தான் முஹம்மத் பின் துக்ளக்கின் ஆட்சியில் காழியாகப் பணிபுரிந்தவர். அப்பதவிக்கு ஆண்டொன்றுக்கு 12,000 தீனார் வேதனம். நியமனத்தின்போது, தாம் மாலிகி மத்ஹபைச் சேர்ந்தவர் என்றும் நாட்டில் வழங்கும் மொழி தமக்குத் தெரியாது என்றும் அவர் சுல்தானிடம் முறையிட்டார். சுல்தான் அதற்கு எளிய தீர்வு கண்டார்: இரண்டு பிரதிக் காழிகளை அவருக்குத் துணையாக நியமித்தார். மொழி அறியாத நீதிபதி, வேலை செய்யப் பிரதிகள், வேதனம் மட்டும் நீதிபதிக்கு! சோவின் துணைப் பிரதமர்களுக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கு முன்னோடி கிடைத்துவிடுகிறது.

அரசவையின் தயவில் வாழ்ந்த இப்பயணி அதன் கொடுமையையும் அருகிருந்து கண்டவர். டில்லிக்கு வெளியே குகையில் வாழ்ந்த ஷெய்க் ஷிஹாபுத்தீன் என்னும் பெரியார் சுல்தானைக் கொடுங்கோலர் எனக் கூறியமைக்காகக் கொல்லப்பட்டார். அவரை முன்னர் சென்று கண்டிருந்த குற்றத்துக்காக இப்னு பதூதாவின்மீதும் நான்கு அடிமைகள் காவலுக்கு விடப்பட்டனர். ஐந்து நாள்கள் தொடர்ந்து நோன்பிருந்து குர்ஆன் ஓதியவாறு அவர் உயிருக்குக் காத்திருந்தார். தப்பிய பின் உடைமைகளைத் துறந்து சிலகாலம் துறவியாக வாழ்ந்தார். 1342இல் சீனத்துக்குச் செல்லும் தூதராக அனுப்பப்பட்டபோதே டில்லியிலிருந்து அவருக்கு விடுதலை கிடைத்தது.

சுல்தானின் கொடைக்கும் கொலைக்கும் சாட்சியாக அவர் கூறியவை அனைத்தும், சுல்தான் 1351இல் இறந்தபின், 1355இல் மொரோக்கோவில் இப்னு ஜுஸை என்னும் எழுத்தரிடம் சொல்லி எழுதுவிக்கப்பட்டவை. வரலாற்றுப் பதூதா உண்மையைச் சொன்னார்; ஆனால் அரசவையின் கை எட்டாத தூரத்தில், அரசன் இறந்தபின் சொன்னார். நாடகப் பதூதா அரசன் உயிரோடிருக்கையில், அவன் முன்னிலையிலேயே சொல்ல முற்படுகிறான், உயிரிழக்கிறான். வரலாற்றின்மீது சோ செய்த மிகப் பெரிய மாற்றம் இதுவே. வரலாற்றில் பதூதாவை அச்சுறுத்தியது சுல்தானின் வாள். நாடகத்தில் பதூதாவைக் கொல்வது மக்களின் கைகள்.

இவ்விடத்தில் இன்னுமொரு செய்தி நோக்கத்தக்கது. மாலைதீவிலிருந்து புறப்பட்டு 1344இல் புத்தளக் கரையை அடைந்த இப்னு பதூதாவை வரவேற்றவர் ஆரியச் சக்கரவர்த்தி. அவருக்குப் பாரசீகம் விளங்கியது என்றும், பிறநாட்டு மன்னர்களைப் பற்றித் தாம் சொன்ன கதைகளை அவர் விரும்பிக் கேட்டார் என்றும் பதூதா பதிவுசெய்துள்ளார். ஆரியச் சக்கரவர்த்தி அவருக்கு முத்துகளை அளித்து, பாவா ஆதம் மலைக்குச் செல்லப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்தனுப்பினார். ஆக, பதினான்காம் நூற்றாண்டில் பாரசீகம் இந்துமாக்கடலின் வணிக, அரசவைத் தொடர்புமொழி. தமிழ் மன்னர் ஒருவரும் அறிந்திருந்த மொழி. 1968இன் சென்னை மேடையில் அதே பாரசீகம், எவருக்கும் விளங்காத, எவருக்கும் உதவாத அந்நியப் பொருளாகச் சிரிப்பூட்டுகிறது. நாடகத்தின் நகைச்சுவை உத்தி என்ற வகையில் இதனைக் குறைகூற வேண்டியதில்லை. எனினும் முஸ்லிம் அரசனின் உடை, மொழி, பெயர் ஆகியன தமிழ் மேடையில் ‘ஒழுங்கற்ற ஆட்சி’ என்பதற்கான ஆயத்தக் குறியீடாகிவிட்டமையை நாம் கவனியாதிருக்க முடியாது. ‘துக்ளக் தர்பார்’ என்ற தொடர் இன்று வரலாறு எதனையும் அறியாதவர் வாயிலும் வழங்குகின்றது.

4

அரசனுக்கு அருகே நின்று உண்மை பேசும் சிறு பாத்திரம் தமிழ் அரங்குக்குப் புதியதன்று. தமிழகத் தெருக்கூத்தின் கட்டியங்காரன் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அரசன் திரைக்குப் பின்னிருந்து தன் பெருமையைப் பாடிக்கொண்டு வருகிறான். கட்டியங்காரனோ ‘நீ யார்?’ என அன்றாடப் பேச்சுமொழியில் கேட்கிறான். விருத்தத்தில் சொல்லப்பட்ட வீரப்பிரதாபம் அவன் வாயில் ஊர்க்கதையாக மாறுகிறது. துரியோதனனின் அவை நடந்துகொண்டிருக்கையில் உள்ளூர் அதிகாரியின் கையூட்டும் கடைத்தெருவின் விலைவாசியும் உள்ளே நுழைந்துவிடும். அரசனின் மொழிக்கும் மக்களின் மொழிக்கும் இடையில் நிற்பவன் அவன். நிற்பது மக்களின் பக்கத்தில்.

மட்டக்களப்பு வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் கட்டியகாரனுக்கு இத்துணை விரிந்த இடமில்லை. அரசனின் வரவை அறிவிப்பதுடன் அவனது பணி பெரும்பாலும் நிறைவுறும். ஆயினும் அரச கட்டளையை ஊருக்குச் சொல்லவரும் பறையறைவோன் போன்ற பாத்திரங்களிடம் அந்த எள்ளல் குடிகொண்டுள்ளது. கட்டளை உயர்மொழியில் பிறக்கிறது. பறையறைவோனின் வாயில் வரும்போது அதன் முரட்டுத்தனம் வெளிப்பட்டுவிடுகிறது. கல்முனையை அடுத்துள்ள பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயிற் சடங்குகள் இன்றும் பாரதக் கதையோடு பிணைந்து நடைபெறுகின்றன. அவ்வூருக்குப் பக்கத்திலேயே வாழும் முஸ்லிம் மக்களுக்கும் அரசனையும் வனவாசத்தையும் கொண்ட இந்தக் கதையுலகம் முற்றிலும் புறம்பானதன்று.

கூத்தின் இச்சிறு பாத்திரத்துக்கு இரு இயல்புகள் உண்டு. முதலாவது, சமூகப் படிநிலையில் அவன் தாழ்ந்தவன். அவனுடைய அறிவு உழைப்பாளரின் அனுபவ அறிவு. இரண்டாவது, அவன் சாவதில்லை. மன்னர்கள் மடிவர்; கட்டியங்காரன் அடுத்த இரவுக் கூத்துக்கும் வருவான். மக்களின் பிரக்ஞை அழியாதது என்ற நம்பிக்கையின் அரங்க வடிவமாக இதனைக் கொள்ளலாம்.

சோவின் பதூதா வடிவத்தால் இம்மரபைச் சேர்ந்தவன். உள்ளடக்கத்தால் அதற்கு எதிரானவன். அவனும் அரசனுக்கு அருகே நிற்கிறான். அவனும் உண்மையை அறிந்தவன். ஆனால் அந்த உண்மை அவனுக்கு உழைப்பின் அனுபவத்தால் வந்ததன்று. படித்த இளைஞன் என்ற தகுதியாலும் திட்டத்தில் பங்காளி என்ற நிலையாலும் வந்தது. மேடையில் உண்மையை அறிந்தவர்கள் சிலரே. அவர்கள் அனைவரும் கற்ற மத்தியதர வர்க்கத்தினர். மக்களுக்கு அந்த அறிவு இல்லை. கட்டியங்காரன் மக்களிலிருந்து அரசனை நோக்கிப் பேசினான். பதூதா அறிந்தோர் குழாத்திலிருந்து அறியாத மக்களை நோக்கிப் பேசுகிறான். அவர்கள் அவனைக் கொல்கின்றனர். மரபுவழிப் பாத்திரத்தின் முகம் இங்கு எதிர்த்திசைக்குத் திருப்பப்பட்டுள்ளது.

5

இத்திருப்பம் தற்செயலானதன்று. சோவின் நாடகங்கள் சென்னைச் சபாக்களில் வளர்ந்தவை. சந்தா செலுத்தி உறுப்பினராகி, மாதந்தோறும் நாடகம் பார்க்கும் நகர்ப்புற மத்தியதர வர்க்கமே அச்சபாக்களின் அடித்தளம். 1967இன் பின் இவ்வர்க்கத்தின் ஒரு பகுதி, தேர்தல் அரசியலில் தனது செல்வாக்குக் குறைந்துவருவதை உணர்ந்தது. மேடைப் பேச்சாலும் திரைப்படத்தாலும் திரட்டப்பட்ட புதிய வாக்காளர் கூட்டம் அரசாங்கங்களை அமைக்கிறது. கற்றோரின் அபிப்பிராயம் பொருட்படுத்தப்படுவதில்லை. இந்த மனக்குறையின் கலைவடிவமே பதூதாவின் மரணம். அவ்வர்க்கம் அடிபட்டு வீழும் பதூதாவில் தன்னையே கண்டது.

இம்மனக்குறைக்கு வியக்கத்தக்க ஒரு வரலாற்று முன்னோடி உண்டு. துக்ளக்கைப் ‘பித்தன்’ எனக் காட்டும் சித்திரத்துக்குப் பெரும் ஆதாரமாக விளங்குவது ஸியாவுத்தீன் பரனீ 1357இல் எழுதிமுடித்த வரலாறு. தலைநகரைத் தௌலதாபாத்துக்கு மாற்றியமை, செப்பு நாணயத்தை வெள்ளியின் மதிப்புக்கு வெளியிட்டமை, தோவாபில் வரியை உயர்த்தியமை ஆகிய யாவற்றையும் அவர் கண்டிக்கிறார். இவற்றுள் எதுவும் வெறும் பித்தின் விளைவன்று. தக்காணத்தை ஆள்வதற்கு மையமான தலைநகரும், வெள்ளித் தட்டுப்பாட்டுக்கு மாற்று நாணயமும் அக்கால அரசியற் பொருளாதாரத்தின் நெருக்கடிகளிலிருந்து எழுந்த முயற்சிகள். தோல்வியின் சுமை குடிகள்மீது விழுந்தது என்பதும் உண்மை. வரி உயர்வும் பஞ்சமும் சேர்ந்தபோது தோவாபின் உழவர் நிலத்தைவிட்டு ஓடினர். ஆனால் பரனீயின் கோபம் உழவருக்காக எழுந்ததன்று. சுல்தான் மது வடிப்போரையும் நாவிதரையும் சமையற்காரரையும் தோட்டக்காரரையும் உயர்பதவிகளில் அமர்த்தினான் என்பதே அவரை மிகவும் வருத்தியது. உயர்குடிப் பிறப்பின் உரிமை பறிபோவதைக் கண்டு வெகுண்ட குரல் அது. ‘பித்தன் துக்ளக்’ என்ற படிமத்தின் வேரிலேயே, தகுதியற்றவர் என ஒரு வர்க்கம் கருதுவோருக்குப் பதவி கிடைப்பதன் மீதான வெறுப்பு ஊறியுள்ளது. ஆறு நூற்றாண்டுகளின் பின் கட்சி தாவிகளைக் கூட்டமாகத் துணைப் பிரதமர்களாக்கிச் சிரிக்கவைக்கும் நாடகம் அந்தப் படிமத்தைக் கையேற்கையில், அதனோடு ஒட்டிய வெறுப்பையும் ஓரளவு கையேற்றுவிடுகிறது.

கிரிஷ் கர்னாட் 1964இல் கன்னடத்தில் எழுதிய ‘துக்ளக்’ நாடகத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அது அவல நாடகம். ஆனால் அதில் பழைய நாடகக் கம்பனிகளின் நகைச்சுவை இரட்டையரை நினைவூட்டும் அஸீஸ், ஆஸம் என்ற இருவர் வருகின்றனர். அஸீஸ் ஒரு சலவைத் தொழிலாளி. சுல்தானின் நீதி பிராமணர்க்கும் உண்டு எனப் பறைசாற்றப்பட்டதும் பிராமண வேடமிட்டு வழக்குத் தொடர்ந்து வெல்கிறான். தலைநகர் மாற்றத்தின்போது வழியில் தவிக்கும் மக்களிடம் காசு பறிக்கிறான். நாணயச் சீர்திருத்தம் வந்ததும் கள்ள நாணயம் அடிக்கிறான். இறுதியில் கலீபாவின் வழித்தோன்றலைக் கொன்று அவர் வேடத்திலேயே டில்லிக்கு வருகிறான். பிடிபட்டபோது, சுல்தானின் ஒவ்வோர் ஆணையையும் உள்ளவாறு புரிந்துகொண்ட ஒரே குடிமகன் தானே என வாதிட்டுப் பதவியும் பெறுகிறான். அஸீஸ் நல்லவனல்லன். ஆனால் கீழிருந்து பார்க்கும்போது அரச இலட்சியங்கள் எவ்வாறு தோன்றும் என்பதை அவன் காட்டுகிறான். அவனுக்கு ஒரு தொழில், ஒரு சாதி, ஒரு கணக்கு உண்டு. சோவின் மேடையில் மக்களுக்கு இம்மூன்றும் இல்லை. அவர்கள் கோஷம் எழுப்புகின்றனர், கைதட்டுகின்றனர், கொல்கின்றனர்.

போலி அதிகாரியைப் பற்றிய நகைச்சுவைக்கு உலக அரங்கின் புகழ்பெற்ற மாதிரி, ரஷ்ய எழுத்தாளர் கொகோல் 1836இல் மேடையேற்றிய ‘அரசாங்கப் பரிசோதகர்’. அங்கும் ஊரே ஏமாறுகிறது. ஆயினும் நான்காம் அங்கத்தில் சில சிறு பாத்திரங்கள் மனுக்களுடன் வருகின்றனர். சட்டவிரோதமாகக் கணவன் படைக்குப் பிடித்துச்செல்லப்பட்ட பூட்டுத் தொழிலாளியின் மனைவியும், கசையடி பட்ட இராணுவ வீரனின் விதவையும் மேடையில் நிற்கும் நேரம் மிகக் குறைவு. அந்த நேரத்துக்குள் நகராளுநரின் ஊழல் வேடிக்கைப் பொருள் என்ற நிலையிலிருந்து மாறி, உடம்பில் விழுந்த அடியாகிறது. ஏமாறும் மக்களுக்குள்ளேயே அடிபடும் மக்களும் இருப்பதைக் கொகோல் மறக்கவில்லை.

சோவின் நாடகம் மறந்தது இதனையே. அந்நாடகம் மேடையேறிய அதே 1968ஆம் ஆண்டின் டிசம்பர் 25ஆம் நாள், தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசையினுள் எரித்துக் கொல்லப்பட்டனர். தமிழகத்தின் வாக்காளர் கூட்டத்தில் அவர்களும் இருந்தனர். பேச்சில் மயங்கிப் பதூதாவைக் கொல்லும் மேடைக் கூட்டத்துக்கும் கீழ்வெண்மணியின் மக்களுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. மேடையில் மக்கள் கொல்கின்றனர். மேடைக்கு வெளியே மக்கள் கொல்லப்பட்டனர். ஒரு நாடகம் எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்பதன்று எமது வாதம். ‘மக்கள்’ எனப் பொதுப்படப் பேசும் அங்கதம் எந்த மக்களை விலக்கிவிட்டு அப்பெயரைச் சூட்டுகிறது என்று கேட்பது திறனாய்வின் கடமையாகும்.

6

இவ்வளவு கூறியபின்னும், இந்நாடகத்தை வெறும் பிற்போக்கு எனத் தள்ளிவிடுவது இயந்திரப் பாங்கான விமர்சனமாகும். பதவியைப் பங்கிட்டு ஆதரவு வாங்கும் அரசியலின் தர்க்கத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்று காட்டியமை அதன் உண்மையான சாதனை. சோவின் மிகை, இலங்கையில் ஏறத்தாழ யதார்த்தமாகிவிட்டது. 2007 ஜனவரியில் எதிரணியிலிருந்து பலர் அரசாங்கத்தோடு இணைந்ததைத் தொடர்ந்து, 225 உறுப்பினர் கொண்ட பாராளுமன்றத்தில் அமைச்சர்கள், பிரதியமைச்சர்கள் முதலியோரின் மொத்தத் தொகை நூறைத் தாண்டியது. பின்னர் 2015இல் நிறைவேறிய பத்தொன்பதாம் திருத்தம், அமைச்சரவைக்கு 30 பேர், ஏனையோர் 40 பேர் என யாப்பிலேயே வரம்பு விதிக்க நேர்ந்தது. நாடகாசிரியன் சிரிப்பதற்காகக் கற்பித்ததை அரசியல் யாப்புத் தடைசெய்ய வேண்டியிருந்தது.

அம்பாறைக் கரையோரத்தில் கட்சி மாறுதல் என்பது இன்னும் பழைய கதை. 1956ஆம் ஆண்டுத் தேர்தலில் கல்முனை, பொத்துவில் ஆகிய இரு தொகுதிகளிலும் தமிழரசுக் கட்சியின் சார்பில் வென்ற முஸ்லிம் பிரதிநிதிகள் இருவரும் பின்னர் அக்கட்சியை விட்டு அரசாங்கத் தரப்பைச் சார்ந்தனர். 1981இல் எம்.எச்.எம். அஷ்ரப் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸைத் தோற்றுவித்தபோது, தேசியக் கட்சிகளின் துணைப்பாத்திரமாக இருந்த நிலையை மாற்றும் எதிர்பார்ப்பு இங்கு வலுவாக இருந்தது. 2000இல் அவர் மறைந்தபின் பிளவுகளும் அணிமாற்றங்களும் தொடர்ந்தன. இவற்றைப் பார்த்து எமது படித்த வட்டாரங்கள் சொல்வது பெரும்பாலும் சோவின் நாடகம் சொல்வதையே: ‘சனங்கள் மடையர்கள், அதனால்தான் இவர்கள் இப்படி.’

இக்கூற்று எத்துணை மேலோட்டமானது என்பதை இக்கரையின் பொருளாதாரம் காட்டும். சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் நெல் விளைவிப்பவனுக்கு நீர் தேவை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பின் அந்த நீரின் கதவு அரசாங்கத்தின் கையில் உள்ளது. உரமும் நெல்லின் கொள்விலையும் அரசாங்கத்தின் கையில் உள்ளன. மருதமுனை நெசவாளிக்கு நூல் கிடைப்பதும், கரைவலை மீனவனுக்கு இறங்குதுறை கிடைப்பதும், படித்த இளைஞனுக்கு ஆசிரியர் நியமனம் கிடைப்பதும் கொழும்பில் யார் அமைச்சர் என்பதோடு பிணைக்கப்பட்டுள்ளன. தனியார் மூலதனம் வளராத, நிலம் குறுகிவரும், இன மோதல்களுக்கு நடுவே அகப்பட்ட ஒரு பிரதேசத்தில், அரசாங்கத் தரப்பில் ஒருவர் இருக்கவேண்டும் என வாக்காளர் எண்ணுவது மடமையன்று. அது நெருக்கடியில் பிறந்த கணக்கு. அக்கணக்கின் பலன் பெரும்பாலும் பதவி பெற்றவருக்கும் அவரைச் சூழ்ந்த ஒப்பந்தக்காரருக்கும் போய்ச்சேர்கிறது, வாக்காளருக்குச் சில்லறையே மிஞ்சுகிறது என்பது வேறு விடயம். அங்கதம் தைக்கவேண்டிய இடமும் அதுவே. கட்சி தாவியை மட்டும் எள்ளும் அங்கதம் அவனை உற்பத்திசெய்யும் அமைப்பைத் தப்பவிடுகிறது. வாக்காளனை எள்ளும் அங்கதமோ அந்த அமைப்புக்கே துணைபோகிறது.

7

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிபு இதுவே. அரசியல் அங்கத நாடகத்தில் துணைப்பாத்திரம் அலங்காரமன்று. நாடகத்தின் வர்க்கச் சார்பு அங்கேதான் படிந்துள்ளது. கட்டியங்காரன் தாழ்ந்த இடத்தில் நின்று மேல்நோக்கிச் சிரித்தான். அஸீஸ் தாழ்ந்த இடத்திலிருந்து மேலேறும்போது அதிகாரத்தின் அடிப்பாகத்தைக் காட்டினான். கொகோலின் விதவை தன் காயத்தைக் காட்டினாள். சோவின் பதூதா அதிகாரத்துக்கு அருகே நின்று கீழ்நோக்கி உண்மை பேசினான். அவனது சாவுக்கான பழி முழுவதும் கீழே இருப்போர்மீது சுமத்தப்பட்டது.

பல்கலைக்கழகங்களிலும் எமது ஊர்களின் பாடசாலை மேடைகளிலும் அரசியல்வாதியை எள்ளும் சிறு நாடகங்கள் இன்றும் எழுதப்படுகின்றன. அவற்றின் எள்ளல் பெரும்பாலும் வெள்ளைச் சட்டை, வாக்குறுதி, தொலைபேசி, பின்தொடரும் அடியாள் என்பவற்றோடு நின்றுவிடுகிறது. மேடையின் ஓரத்தில் கைதட்டுவதற்காக நிறுத்தப்படும் கூட்டத்துக்கு வசனம் எழுதுவதை எவரும் பொருட்படுத்துவதில்லை. அக்கூட்டத்திலிருந்து ஒரு நெசவாளியையோ, வயற்கூலியையோ, மகனின் நியமனத்துக்காக அமைச்சரின் வாசலில் காத்துநிற்கும் ஒரு தாயையோ முன்னே அழைத்து, ‘நீ ஏன் இவருக்கு வாக்களித்தாய்?’ எனக் கேட்கவேண்டும். அவர்கள் கூறும் விடையில் தண்ணீரும் உரமும் சம்பளமும் வரும், சிரிப்பும் வரும். சோவின் மேடையில் அந்தக் கேள்வி கேட்கப்படாமலே திரை விழுந்துவிட்டது.